நான் அழித்த கிழவி

மார்ச் 4
சூனியக்கிழவியின் கடைசிக் காட்சியும் பதிவாகிவிட்டது. நான் எழுதிய முதல் ஒலிநாடகம். பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒலிநூலகத்துக்கு இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பேசியதில் நாத்தனாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இவருடைய அக்கா, எனக்கும் அக்காதான். குளியலறையில் விழுந்து முன்பல் இரண்டும் போனதிலிருந்து அவர் பேச்சில் விசில் கலந்து வரும். கிழவிக்கு வேறு ஆளே தேடவில்லை.

மார்ச் 9
அக்காவுக்குப் புதுப் பல் வைத்தாகிவிட்டது. கண்ணாடி முன்னாலேயே குடியிருக்கிறார்.

மார்ச் 11
ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன்!
இடமில்லை என்று இவர் கேட்டதால், இவருடைய சினிமா ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்வதாக நினைத்து — என்னுடையதை. இரண்டும் கறுப்பு, ஒரே அளவு. 'எல்லாம் அழிந்துவிடும், சரியா?' என்று அது கேட்கத்தான் செய்தது. சரி என்று நானேதான் அழுத்தினேன். மொத்த நாடகமும் அதில்தான். வேற எங்கயும் ஒரு காப்பி வைக்கல. ஏன் வைக்கல?
மறுபடி பதிவு செய்யலாமென்றால் விசில் எங்கே?
"பல்லைக் கொஞ்சம் கழட்டிட்டுப் பேசறீங்களா அக்கா?"
"அடிப்பாவி! ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு. ஸ்பேனர் கொண்டா, கழட்டறேன்."

மார்ச் 12
கம்ப்யூட்டர் கடைக்காரர் தைரியம் சொன்னார். "பொருளடக்கத்தைத்தான் கிழிச்சிருக்கீங்க மேடம். பக்கமெல்லாம் உள்ளயே இருக்கும், மேல புதுசா எதுவும் எழுதலேன்னா. எதையும் காப்பி பண்ணலையே?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"டிஸ்க் நல்லாருக்கான்னு பாக்க, ஒரு படம் போட்டேன்."
"ஒண்ணுதானே சார்?"
"ஒரு… மூணு."


மார்ச் 14
வந்துவிட்டது! ஆனால் கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். எது எந்தக் காட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். பாதியை இவர் தலையில் கட்டினேன். முணுமுணுக்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மார்ச் 15
வெட்டி ஒட்டி முடித்த நாடகம் இல்லை. அது இருந்த இடத்தில்தான் அந்த மூன்று படங்களும் சம்மணம் போட்டிருக்கின்றன. மற்றவர்கள் பேசியதெல்லாம் இருக்கிறது. கிழவியின் நல்ல பதிவுகள் மட்டும் போய்விட்டன. மிஞ்சியிருப்பவை, சரியில்லை என்று நானே அழித்தவை — என் வசனத்தை விட்டுவிட்டு அக்கா தன் இஷ்டத்துக்குப் பேசியவை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மார்ச் 16
கேட்டேன்.
கிழவியிடமிருந்து பையன் தப்பி ஓடும் காட்சி. நான் எழுதியது: "ஏழு கடல் தாண்டி உன்னைச் சிறைவைப்பேன்!"
அக்கா பேசியது: "ஓடறியா? ஓடு, ஓடு. சாயங்காலம் பசிச்சா இங்கதானே வருவே?"
உடனே என் குரல்: "அக்கா, எழுதினதை மட்டும் படிங்க." இவ்வளவு கறாராகவா பேசுகிறேன்?
பக்கத்து அறையில் இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். என் வரி எதற்கும் இப்படிச் சிரித்ததில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. எழுதுகிறவள் நான்தானே?
திரும்பக் கேட்டேன். அக்காவின் கிழவிக்கு ஒரு வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத குறை இருக்கிறது. என் கிழவி சும்மா கத்திக்கொண்டிருந்தாள்.

மார்ச் 19
அனுப்பிவிட்டேன். கிழவி முழுக்க அக்கா பேசியபடியே. என் அதட்டல்களை மட்டும் வெட்டினேன். எழுதியவர்கள் என்று இரண்டு பெயர் போட்டேன். போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 8
நூலகத்திலிருந்து போன். பிள்ளைகள் கிழவி வரும் இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்களாம். ஓடிப்போன பையன் அவளைப் பார்க்க வருவானா என்று ஒரு குழந்தை கேட்டதாம்.
அக்காவிடம் சொன்னேன். "அப்புறம் எதுக்குடி என்னை அத்தனை தடவை பேச வெச்சே?"
 இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 10
அடுத்த நாடகம் தொடங்கினேன். அக்கா இதில் ராணி. காலையிலேயே நான்கு பக்கம் ஓடிவிட்டது. ராணி பேசுமிடங்களில் எதுவும் எழுதவில்லை.