நான்கு பக்க அறிக்கையில் ஒரே பெயர்

போன வெள்ளிக்கிழமை கிண்ணியாவில் அலுவலக வேலை முடித்துத் திருகோணமலைக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு முந்திய தரிப்பிடத்தில் உதைபந்தாட்ட உடுப்போடு பத்துப் பன்னிரண்டு மாணவிகள் ஏறினார்கள். அவர்களோடு நோவெண்ணெய் வாசமும் ஏறியது. முழங்காலிலும் கெண்டைக்காலிலும் தாராளமாகப் பூசி, வெயிலில் ஓடி, வியர்வையோடு கலந்த பிறகு வரும் அந்த வாசம் உனக்குத் தெரியும். பேருந்து பாலத்தைக் கடக்கும் வரைக்கும் நான் வேறெதையும் நினைக்கவில்லை.

பிள்ளைகள் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். யாரால் தோற்றோம் என்பதுதான் கதை. "அவ உட்டதாலதானே தோத்தது" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது கோல் காத்த பிள்ளையை. அந்தப் பிள்ளை கையுறையைக்கூடக் கழற்றாமல் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார்கள். பிழை செய்தவள் கிடைத்ததும் எல்லோருக்கும் உடம்பு இலேசாகிவிட்டது. நாங்களும் ஒருமுறை அப்படித்தான் இலேசானோம். அதைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

உன் ஊர் இறக்கக்கண்டி, என் ஊர் லிங்கநகர். நகரப் பாடசாலையில் ஒரே வகுப்பு, ஒரே அணி. நீ பின்களத்தில் நின்றாய். உன்னைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவர்கள் குறைவு. நான் வலது ஓரத்தில் ஓடினேன். காலில் வேகம் இருந்தது, பந்துதான் இருக்கவில்லை. அது விளங்கியதும் நான் விசிலைக் கையில் எடுத்து மத்தியஸ்தர் ஆனேன். வார நாட்களில் மாவட்டச் செயலகக் கச்சேரியில் எழுதுநர் வேலை, சனி ஞாயிறில் மைதானம். நீ தேசிய அணி வரைக்கும் போனாய். ஆடி முடித்த பிறகு பயிற்றுநர் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தேறினாய்.

நீ கடைசியாக ஆடிய கழக ஆட்டங்களில் ஒன்றுக்கு நான்தான் மத்தியஸ்தர். உன்னைத் தாண்டி ஓடப்பார்த்த ஒரு பிள்ளையின் சட்டையை நீ பிடித்து இழுத்தாய். நான் மஞ்சள் அட்டை காட்டினேன். ஆட்டம் முடிந்து, தண்ணீர்க் குழாயடியில் உன்னோடு எப்படிக் கதைப்பது என்று தெரியாமல் நின்றபோது நீயே வந்தாய். "சரியாத்தான் காட்டினனீ. நான் இழுத்தனான்தானே" என்று சொல்லிவிட்டு முகம் கழுவினாய். அன்றைக்கு உன்னில் பெரிய மரியாதை வந்தது. கூடவே ஒரு பிழையான துணிச்சலும் வந்தது. உனக்கு எதிராக எதைச் சொன்னாலும் அது உண்மையாக இருந்தால் போதும், எங்களுக்குள் ஒன்றும் கெடாது என்று நம்பத் தொடங்கினேன்.

பெண்கள் தேசிய அணிக்கு உன்னைப் பயிற்றுநராகப் போட்டபோது, நிலாவெளியிலிருந்து நகரம் வரைக்கும் தெரிந்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நீ கொழும்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாய். பயிற்சி முகாமுக்கு மூன்று கிழமைதான் தந்திருக்கிறார்கள் என்றாய். காலையும் மாலையும் மைதானம் ஆண்கள் அணிக்கு, எங்களுக்கு மத்தியான வெயில் என்றாய். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கவில்லை, பின்களத்துக்கு எடுத்த இரண்டு பேர் வரவேயில்லை என்றாய். ஒரு வருடமாக வேறெந்த நாட்டு அணியோடும் ஆடியதில்லை என்றாய். எதையும் நீ முறைப்பாடாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாய். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

வெளிநாட்டில் நடந்த அந்தப் போட்டியில் மூன்று ஆட்டத்திலும் தோற்றீர்கள். கோல்களின் எண்ணிக்கையை இங்கே எழுதவில்லை. மூன்றாவது ஆட்டத்தைக் கச்சேரிச் சிற்றுண்டிச்சாலையில் இருந்து தொலைபேசியில் பார்த்தேன். உன் பின்களத்தில் தினூஷா நின்றாள். தெற்கில் ஒரு கிராமத்துப் பிள்ளை, உயரமானவள், தலைப்பந்தில் கெட்டிக்காரி. இடைவேளைக்கு முன்னமே அவள் ஒரு காலைச் சாடையாக இழுத்து நடந்தாள். இடைவேளைக்குப் பிறகும் அவளே இறங்கினாள். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, திரும்ப முயன்ற இடத்தில் ஒருவரும் இடிக்காமலே விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த முழங்காலோடு அவள் திரும்ப ஆடவேயில்லை.

நீங்கள் நாடு திரும்ப முன்னமே பத்திரிகைகள் எழுதத் தொடங்கிவிட்டன. காயப்பட்ட பிள்ளையை ஓடவிட்ட பயிற்றுநர் என்று படத்தோடு போட்டார்கள். யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க உதைபந்தாட்டச் சங்கம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி தலைவர், பழைய ஆண் வீரர் ஒருவர், மூன்றாவது நான். ஒரு பெண் வேண்டும், தமிழும் தெரிந்தால் நல்லது என்று என்னைப் பிடித்தார்கள். நீ என் சிநேகிதி என்று தலைவரிடம் சொன்னேன். இந்தச் சின்ன நாட்டில் யாருக்கு யாரைத் தெரியாது என்று அவர் சிரித்தார். அந்த வருடம் சர்வதேச மத்தியஸ்தர் பட்டியலுக்கு என் பெயர் போயிருந்தது. அதற்காகத்தான் விசாரணையில் வாயை மூடினேன் என்றால் அது முழு உண்மையில்லை. அது என் நினைவில் இருக்கவேயில்லை என்றால் அது முழுப் பொய்.

விசாரணை ஒரு மத்தியானத்தோடு முடிந்தது. நீ முகாம் விபரக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். அதை ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை. தினூஷாவை ஏன் மாற்றவில்லை என்று பழைய வீரர் கேட்டார். நீ சிங்களத்தில் பதில் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாய்.

"மாத்தியிருக்க வேணும். அது என்ட பிழை."

நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். நோகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னாளா? "இல்லை. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்றாய். அதை எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்வி என் வாயில் இருந்தது: அவளை வெளியில் எடுத்தால் அந்த இடத்தில் நிற்க யார் இருந்தார்கள்? ஒருவரும் இருக்கவில்லை. அந்த அறையில் உன்னைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான். ஆயத்தங்கள் பற்றிய விடயம் எங்கள் குழுவின் எல்லைக்குள் வராது என்று தலைவர் சொல்லி, தேநீர் வரவழைத்தார். நான் தேநீரைக் குடித்தேன்.

அறிக்கை நான்கு பக்கம். அதில் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கப்பட்டவள் நீ ஒருத்தி. மூன்று பேரும் கையெழுத்திட்டோம். உனக்கு இன்னொரு மஞ்சள் அட்டை காட்டுவதாகத்தான் எனக்குப் பட்டது. மைதானத்தில் மத்தியஸ்தர் தான் கண்டதை மட்டும் வைத்துத் தீர்க்கலாம், வேறு வழியில்லை. அறிக்கை எழுதுகிறவர் தன் கண்ணில் படாததைத் தேடிப் போகவேண்டும். இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை என்று எழுத ஆசைதான். விளங்கியது.

உன்னை நீக்கினார்கள். நீ ஊருக்கு வந்து, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதிக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்தாய். நான்கு மாதம் கழித்துத்தான் அங்கே வர எனக்குத் தைரியம் வந்தது. கடற்கரைப் பக்கம் கயிறு கட்டி வெள்ளை விரிப்புகள் காயப்போட்டிருந்தன. நீ ஒரு கதிரையைத் தூசி தட்டி எனக்குப் போட்டாய். சுற்றி வளைக்காமல் அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். நீ விரிப்பை மடித்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"நீ எழுதினதில பொய் இல்லை. ஆனா காணாது, அரைவாசிதான் இருக்கு."

எல்லோரும்தான் பொறுப்பு என்று நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். அப்போதுதான் உனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"எல்லாரும் எண்டு சொன்னா ஒருத்தரும் இல்லை எண்டுதான் கருத்து. ஆராரு என்ன செய்தது எண்டு எழுதோணும். முழங்கால் என்ட பிழை. அதை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். மத்ததுகளை நான் எப்பிடித் தூக்குறது?"

அதற்குப் பிறகு நாங்கள் இந்தக் கதையை எடுக்கவில்லை. நான் மாதத்தில் இரண்டு மூன்று தரம் வந்தேன். நீ அண்ணனின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாய், நான் கச்சேரிக் கதைகள் சொன்னேன். சர்வதேசப் பட்டியலில் என் பெயர் வந்தபோது நீ கேக் வாங்கி வைத்திருந்தாய். அதைச் சாப்பிட்டதுபோல் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

பிறகு உனக்கு வயிற்றில் நோய் வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கே செய்ய இனி ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழு மாதத்தில் எல்லாம் முடிந்தது. கடைசிக் கிழமைகளில் நான் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்த ஒவ்வொரு நாளும் நீ வேறு எதையாவது கேட்டாய். தண்ணீர், போர்வை, யன்னலைச் சாத்து. நீ வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தாய் என்று நினைக்கிறேன்.

உன் செத்தவீட்டுக்குத் தினூஷா வந்தாள். ஊரிலிருந்து மூன்று பேருந்து மாறி, காலை இழுத்துக்கொண்டு, இறக்கக்கண்டியில் உன் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. நான் சிங்களத்தில் பேசி, கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். உன்னைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவள் தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

இடைவேளையில் நீ அவளிடம் இரண்டு தரம் கேட்டாயாம், நோகிறதா என்று. இரண்டு தரமும் இல்லை என்றாளாம். நீ நம்பவேண்டும் என்பதற்காக எழும்பித் துள்ளியும் காட்டினாளாம். தொழிற்சாலையில் லீவு தராததால் அவள் வேலையை விட்டுவிட்டுத்தான் அந்தப் போட்டிக்கு வந்திருந்தாள். வெளியில் போய் உட்கார்ந்தால் வேலையை விட்டது எதற்கு என்று யோசித்தாளாம். தன் இடத்துக்கு வேறு ஆள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் குழுவிடம் சொல்ல, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாளாம். ஒருவரும் கூப்பிடவில்லை. கடிதமாக எழுதி அனுப்பட்டுமா என்று உன்னிடம் கேட்டபோது நீ மறித்துவிட்டாய். ஓடுவது பிள்ளையின் வேலை, நிற்பாட்டுவது தன் வேலை என்று சொன்னாயாம்.

அவளைக் கூப்பிடாத அந்தக் குழுவில் நானும் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். மிஸ் சொல்லியிருக்கிறார், நீங்கள் அவருடைய சிநேகிதி என்று. அவ்வளவுதான் சொன்னாள். அறிக்கையைப் பற்றி அவளிடம் நீ வாய் திறந்திருக்கவில்லை.

இந்த வருடம் அணி மறுபடியும் தோற்றது. உனக்குப் பிறகு வந்தவர்களில் இவர் மூன்றாவது பயிற்றுநர். மறுபடியும் மூன்று பேர் கொண்ட குழு, மறுபடியும் எனக்குக் கடிதம். மாட்டேன் என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் கிழித்தேன். இந்த முறை தலைவர் ஒரு சட்டத்தரணி, வயது குறைந்தவர், மரியாதையானவர். வீராங்கனைகளைக் கூப்பிடாமல் நான் உட்கார மாட்டேன் என்றேன். ஆறு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் சொன்னது எனக்குப் புதிதில்லை. முகாமின் நாட்கள், மைதானத்தின் நேரம், கிடைக்காத லீவு என்று எல்லாவற்றையும் உன் ஞாயிற்றுக்கிழமைக் குரலில் ஏற்கனவே கேட்டிருந்தேன். இந்தப் பயிற்றுநரும் பிழை விட்டிருக்கிறார், அதையும் எழுதினோம்.

ஆனால் வரைவு வந்தபோது மறுபடியும் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் "நிர்வாகக் குறைபாடுகள்" என்று ஒரு வரி. நான் தனியாக ஓர் இணைப்பு எழுதுவேன் என்றேன். அதில் என்ன வரும் என்று தலைவர் கேட்டார், சொன்னேன். முந்திய குழுவைப் பற்றி ஏன், அது முடிந்த கதைதானே என்றார். "முடியேல்ல. அதை அப்பிடி முடிச்சதாலதான் இண்டைக்கும் இதில இருக்கிறம்" என்றேன். அவர் வரைவை மூடி வைத்துவிட்டு, எழுதுங்கள் என்றார்.

அந்தப் பயிற்றுநரும் பதவியை விட்டுப் போய்விட்டார். என் இணைப்பை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியாது. அடுத்த முகாமிலிருந்து பிள்ளைகளின் வேலைத்தலங்களுக்குச் சங்கமே லீவுக் கடிதம் அனுப்பும் என்று ஒரு தீர்மானம் எடுத்ததாகக் கேள்வி. என்னை இனிக் கூப்பிட மாட்டார்கள். நன்றிக் கடிதத்தின் தொனியில் அது தெரிந்தது.

உன்னிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது ஒரு வேலை முறைதான். பொறுப்பை ஒருவர் தலையில் கட்டாதே, எல்லோர் தலையிலும் தூவியும் விடாதே. ஒவ்வொருவரும் செய்ததை அவரவர் பெயருக்கு நேரே எழுது. அந்த இணைப்பை எழுத உட்கார்ந்தபோது இரண்டு நாள் ஒரு வரியும் வரவில்லை. அதிகாரிகளின் பெயர்களை எழுதிப் பார்த்தேன், அழித்தேன். மூன்றாம் நாள் காலை, முதல் வரியில் என் முழுப் பெயரை எழுதி, அதற்கு நேரே "தெரிந்திருந்தும் கேட்கவில்லை" என்று எழுதினேன். மற்றப் பெயர்களை அதற்குப் பிறகுதான் எழுத முடிந்தது.