இடது ஷூவில் சாவி

என் பவிக்கு,

நம் அறை அப்படியேதான் இருக்கிறது. மின்விசிறி இன்னும் மூன்றில் வைத்தால்தான் சுற்றுகிறது. மெஸ்ஸில் சாம்பார் இன்னும் சாம்பார் மாதிரி இல்லை. உன் கட்டில் மட்டும் மெத்தை இல்லாமல் கிடக்கிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

காலேஜ் இருக்கிற ஆவடியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷனில் வீட்டை வைத்துக்கொண்டு ஹாஸ்டலில் எதற்கடி இருக்கிறாய் என்று வந்த புதிதில் கேட்டேன். நான் அருப்புக்கோட்டைக்காரி, எனக்குத் தீபாவளிக்குத்தான் வீடு.

"ஒரே ரூம் ஊடு மச்சி. நான் புக்கத் தொறந்தா எங்கம்மா டிவிய நிறுத்திடும். நைனா இருமக்கூட வெளிய போயிடும். பாவமா கீது" என்றாய். அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துவிட்டது.

அறைக்கு ஒரே சாவி. ஒர்க்‌ஷாப் வகுப்புக்கென்று வாங்கிய உன் கறுப்பு ஷூவைக் கதவுக்கு வெளியே வைத்து, இடது ஷூவுக்குள் சாவியைப் போடும் வழக்கத்தை ஆரம்பித்தவளும் நீதான். சாவியெல்லாம் உன் சாக்ஸ் நாற்றம் என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்! "அதான்டி பாதுகாப்பு. எவ கைய வுடுவா?" என்று சிரிப்பாய்.

காய்ச்சலோடு வீட்டுக்குக் கிளம்பிய அன்று உனக்கு ஷூ மாட்டக்கூடத் தெம்பில்லை. செருப்போடு போனாய். "திங்கக்கெழம வந்துருவேன். சாவி எடத்த மாத்தித் தொலைக்காத" என்றாய். அந்தத் திங்கட்கிழமை நாங்கள்தான் மாலையோடு நெமிலிச்சேரியில் உன் வீட்டுக்கு வந்தோம். ஒரு காய்ச்சல் இப்படியும் கொண்டுபோகுமா பவி?

காரியமெல்லாம் முடிந்து உன் பெட்டியையும் மெத்தையையும் உன் அப்பா வந்து எடுத்துப்போனார். வெளியே இருந்த ஷூ அவர் கண்ணில் படவில்லை. போன வாரம் உன் அம்மா போன் செய்தார்.

"அவ ஷூ அங்கதானே கீது கண்ணு? வியாழக்கெழம வந்து எட்துகினு போறேன்."

பெற்றவர் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல நான் யார்? ஆனால் கொடுக்க மனசே வரவில்லை. உன்னுடையதாக என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். முந்தின நாளே துடைத்து, பாலிஷ் போட்டு வைத்தேன். வியாழக்கிழமை காலையில் கதவைப் பூட்டினேன், பழக்கத்தில் கை சாவியை அதற்குள் போட்டது, நானும் வகுப்புக்குப் போய்விட்டேன். பாடம் பாதியில் இருக்கும்போதுதான், இன்று அம்மா வருவார், சாவியோ ஷூவுக்குள் என்று உறைத்தது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து ஓடி வந்தேன்.

கதவு திறந்திருந்தது. உன் வெறுங்கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"சாவி..." என்று இழுத்தேன்.

"அவதான் சொல்லிக்கீறாளே கண்ணு, என் ஷூலதான் கீதுன்னு."

ஷூவைப் பையில் போட்டு நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், பையிலிருந்து எடுத்து, பழைய இடத்திலேயே ஜோடியாக வைத்தார்.

"இத்த நான் எட்துகினு போய்ட்டா, நீ சாவிய எங்கம்மா வைப்ப?"

உன்னைத் தூக்கிப்போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

வருகிற திங்கட்கிழமை உன் கட்டிலுக்கு ஒரு பெண் வருகிறாள். திருச்சிப் பக்கமாம். சாவி இடத்தை மாற்ற மாட்டேன் பவி. அது யாருடைய ஷூ என்று சொல்லிவிட்டுத்தான், சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்வேன். நாற்றம் என்று அவள் மூக்கைப் பிடித்தால், முதல் சண்டை அன்றைக்கே.

உன் மச்சி,
மலர்