சின்ன நம்பர் மருந்து

மாதா துணை

வட்டவளை
11.6.1957

என் அன்பான வீட்டுக்காரருக்கு ஜோசப்பின் எழுதுவது.

யாழ்ப்பாணத்து வெயில் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சாப்பாடு வயிற்றுக்குச் சேருகிறதா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். மனம் அதில் நிற்கவில்லை. இங்கே மழை விட்டபாடில்லை. நான் சுகமாக இருக்கிறேன். ஆனால் பத்தாம் லயத்து வரிசை வீட்டுச் செல்லசாமி அண்ணன் மகள் நாகலெட்சுமி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிழைப்பாளா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு முந்தி வேறு யாராவது உங்களுக்கு எழுதிவிடுவார்களோ என்று பயம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிள்ளைக்கு மறுபடியும் வாய்ப்புண் வந்திருக்கிறது. போன தடவை உங்கள் ஓமியோபதி உருண்டையில்தான் குணமானது. நீங்கள் புறப்படும்போது, "இனி வந்தா கடையில மெர்க் சோல்னு கேட்டு வாங்கிக் குடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனீர்களாம். அவர் அட்டனுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கடைக்காரர் அந்தப் பாதரச மருந்தில் முப்பதாம் நம்பர் உருண்டையும் இரண்டாம் நம்பர் பொடியும் எடுத்துவைத்து, எது வேண்டும் என்றாராம். "பெரியவங்களுக்கு முப்பது, நாலு வயசுப் பிள்ளைக்கு ரெண்டு போதும்னு நெனைச்சேம்மா" என்று என்னிடம் சொல்லி அழுதார். யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? நீங்கள் மருந்தின் பேரைச் சொன்னீர்கள். நம்பரைச் சொல்லவில்லை.

பொடி கொடுத்த பிறகு ஈறு வீங்கிவிட்டது. எச்சில் ஒழுகி, வாய் நாறத் தொடங்கியது. நிறுத்துங்க என்று பிள்ளையின் தாய் வீரம்மா கெஞ்சியிருக்கிறாள். "மருந்து பிடிச்சா மொதல்ல கூடித்தான் கொறையும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு" என்று அண்ணன் இன்னும் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அது நீங்கள் எல்லாரிடமும் சொல்வதுதான். வாய்ப்புண்ணுக்கு வாங்கின மருந்தே பிள்ளையின் வாயைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நேற்று வீரம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடிவந்தாள். பின்னால் பாதி லயமே வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருந்ததாம். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. காலையிலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை என்றாள். "மருந்துப் பெட்டியைத் தொறந்து மாத்து மருந்து குடுங்கம்மா, மாஸ்டர் வச்சிருப்பாரு" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

திறந்தேன். பாதரசத்துக்கு முறிவு என்று நீங்கள் ஒருநாள் காட்டிய ஹீப்பர் போத்தல் கையில் வந்துவிட்டது. மூடியையும் திருகிவிட்டேன். அப்போதுதான் பிள்ளையின் வாயைச் சரியாகப் பார்த்தேன். ஈறெல்லாம் கறுத்துக் கிடந்தது. போத்தலை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "புருசன் மருந்தை பொஞ்சாதியே நம்பல" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். இந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் வரும்.

தேயிலைக் கொழுந்து லொறி ஃபாக்டரிக்குப் புறப்பட நின்றது. கொழுந்தை இறக்கிவிட்டு வந்த பிறகு லொறியைத் தருகிறேன் என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், போ என்று கையைக் காட்டினார்.

அண்ணன் அந்தப் பொடிப் போத்தலை ஓடையில் எறியப் போனார். நான் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதைக் காட்டினதால்தான் டாக்டருக்கு உடனே புரிந்தது. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, வீரம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். முப்பதாம் நம்பரில் பாதரசம் பேருக்குக்கூட இராது, இந்தப் பொடியில் நூற்றில் ஒரு பங்கு பாதரசமே இருக்கிறது, உலோக மருந்தில் நம்பர் குறையக் குறைய விஷம் கூடும் என்றார். இதை மட்டும் நான் வீரம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஊசி போட்டிருக்கிறார்கள். சிறுநீர் இறங்கிவிட்டால் பயமில்லையாம். வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜோசப்பின்

•

வட்டவளை
24.6.1957

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முதலில் நல்ல செய்தி. நாகலெட்சுமி பிழைத்துவிட்டாள். இரண்டு பல் விழுந்துவிட்டது, முகம் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. ஆனால் கஞ்சி இறங்குகிறது, அம்மாவோடு சண்டை பிடிக்கிறாள். சிறுநீர் போன அன்று வீரம்மா வார்டிலேயே சத்தம் போட்டு அழுதுவிட்டாள்.

பெட்டியை ஆற்றில் போடு, தோட்டத்தில் முகம் காட்ட முடியாது, லீவுக்கு மன்னாரில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியை நான் ஆற்றில் போடவில்லை. நம்முடைய மகன் றோலண்ட் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டருக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியும் யாரும் வரவில்லை. அவன் போன பிறகுதான் நீங்கள் இந்தப் பெட்டியையும் மருந்துப் புத்தகங்களையும் வாங்கினீர்கள். அதை நானா மறப்பேன்?

நம்பரைப் பற்றி டாக்டர் சொன்னதைச் செல்லசாமி அண்ணனிடம் நானே சொன்னேன். வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "யார் யார் வீட்டுல போத்தல் இருக்குன்னு எனக்குத் தெரியும், வாங்கம்மா" என்றார். மழையில் லயம் லயமாக இரண்டு பேரும் போனோம். உங்களைப் பார்த்து இத்தனை பேர் மருந்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பாதரசம், ஈயம், செம்பு எல்லாம் இருந்தது. சின்ன நம்பர் போட்டதைப் பெண்கள் தாங்களாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அழகுமுத்துத் தாத்தா மட்டும் கொடுக்கவில்லை. மூச்சிழுப்புக்காக வாங்கிவைத்திருக்கிறார். பேரைப் பார்த்தேன், ஆர்சனிக், மூன்றாம் நம்பர். பாஷாணம் தாத்தா என்று சொல்லியும் பார்த்தேன். "மாஸ்டர் சொல்லித்தானே வாங்குனேன், மாஸ்டர் வந்து சொல்லட்டும், தர்றேன்" என்கிறார். இன்னும் மூடி திறக்கவில்லை. ராத்திரி மழை பிடித்தால், இழுப்பு வந்து மூடியைத் திறந்துவிடுவாரோ என்று எழுந்து உட்காருகிறேன்.

அதனால் நீங்கள் மன்னாருக்குப் போக வேண்டாம். சனிக்கிழமை ரயிலில் வாருங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் கூடும்போது நீங்களே முன்னால் நின்று பேச வேண்டும். உலோக மருந்தைத் தெரிந்தவரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது, சின்ன நம்பரைத் தொடவே கூடாது, நோய் கூடினால் மருந்து வேலை செய்கிறது என்று காத்திருக்காமல் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பாதிப் பேர்தான் கேட்கிறார்கள்.

செல்லசாமி அண்ணன் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவரைக் கண்டதும் ரயிலிலேயே உட்கார்ந்து அட்டனுக்குப் போய்விடாதீர்கள். வட்டவளையில் இறங்குங்கள். நானும் அங்கே நிற்பேன்.

மாதா உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்
ஜோசப்பின்