வெளிர் நீலத் துகள்கள்

ஏப்ரல் 3, 09:10
நிலவுச் சுற்றுப்பாதை, மருத்துவக் கருவித் தூய்மைக் கூடம். பதிவு செய்பவர் உமையாள். கூடத்தில் இருப்பது நான் ஒருத்திதான்.

இன்று நான்கு கருவிகள். கழுவினேன், கழுவிய தண்ணீரை வடிதாளில் வடித்தேன், தாளில் தங்கிய துகள்களை எண்ணும் இயந்திரத்திடம் கொடுத்தேன். நான்கும் தேறின. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, இந்த வேலையில் சுவாரசியம் தேடாதீர்கள். அடுத்தவர் உடம்புக்குள் போகிற பொருளில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. கண் எரிகிறது. மாற்று ஆள் வருவார் என்றார்கள். இரண்டு கப்பல் வந்து போய்விட்டன, ஆளைக் காணோம்.

ஏப்ரல் 4, 10:25
இதயப் பம்பு ஒன்று வந்திருக்கிறது. வழியில் உறை கிழிந்துவிட்டதால் சோதிக்காமல் கீழே அனுப்பக் கூடாது. நிலவு மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஜெசிந்தா:

"உமையாள், இது காதர் மொய்தீனுக்கு. சுரங்கத்துல துளை போடுறவர். நாலு நாள் தாங்குவார், அதுக்கு மேல சொல்ல முடியாது. வேற பம்பு இல்ல, பூமியிலேருந்து அடுத்த கப்பல் ஜூன்லதான். சீக்கிரம் பாத்து அனுப்புங்க."

விதி எளிது. கழுவு, எண்ணு, மறுபடி கழுவு, எண்ணு. ஒவ்வொரு கழுவலிலும் துகள்கள் மளமளவென்று குறைய வேண்டும். குறைந்தால் பம்பு சுத்தம்.

ஏப்ரல் 4, 17:50
முதல் கழுவல் 212. இரண்டாவது 207. மூன்றாவது 215. குறைவேனா என்று அடம்பிடிக்கிறது. ஏதோ ஒரு மூலையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது. கருவியை அதிரவைத்துக் கழுவும் மீயொலித் தொட்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

ஏப்ரல் 5, 11:30
ஏழாவது கழுவல் 304. டாக்டர் மறுபடியும்:

"அவருக்கு மூச்சு வாங்குது உமையாள். படுக்கவே முடியல, உக்காந்தே தூங்குறார். இன்னும் என்னதான் பண்றீங்க?"

அழுக்கோடு அனுப்பவா என்று எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 5, 15:05
அலுத்துப்போய் வடிதாளை நுண்ணோக்கியில் வைத்து நானே பார்த்தேன். எல்லாத் துகளும் வெளிர் நீலம். தூசி இப்படிச் சீருடை போட்டுக்கொண்டு வராது.

ரத்தம் உறையாமலிருக்க பம்பின் உட்சுவரில் ஒரு நீலப் பூச்சு உண்டு. நான் அழுக்கை எடுக்கவில்லை, அந்தப் பூச்சைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நீலம் மட்டுமே. பம்பு சுத்தமாகத்தான் வந்திருக்கிறது. எத்தனை என்று ஏழு தடவை எண்ணியவள், என்னவென்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 5, 16:20
டாக்டரின் பதில்: "நடந்தது நடந்துபோச்சு. பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

அதைத்தான் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை அளக்க மறுபடி கழுவ வேண்டும், இல்லையென்றால் பம்பை வெட்ட வேண்டும். ஏழு தாள்களிலும் இருந்த துகள்களை அளவெடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம். சுவர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால் பிழைப்பார். ஒரே இடத்தில் பெயர்ந்திருந்தால், சொரசொரப்பான அந்த இடத்தில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போகும். இதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 6, 08:45
காதர் மொய்தீனே பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, டாக்டரம்மா எல்லாம் சொன்னாங்க. எனக்கு அந்தக் கணக்கு புரியாது. அளந்து பாத்தது நீங்க. உங்க கூடப் பொறந்தவன்னா இத வைக்கச் சொல்லுவீங்களா?"

என்மேல் ஒரு கோபச் சொல்லாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

சொல்லுவேன் என்றேன். பம்பை அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 7, 19:30
டாக்டர்: "வச்சாச்சு. ஓடுது. தினமும் அவர் ரத்தத்துல ஒரு குப்பி சரக்குப் பெட்டியில மேல வரும். நீலம் கலந்திருக்கான்னு பாருங்க. இங்க அதுக்கு வசதி கிடையாது."

தூங்கவில்லை. தூங்கினாலும் நீலமாகத்தான் கனவு வரும்.

ஏப்ரல் 8, 12:15
முதல் குப்பி. துகள் எதுவும் இல்லை. தாள் முழுவதையும் இரண்டு தடவை பார்த்தேன். பல நாள் கழித்து உட்கார்ந்து சாப்பிட்டேன், கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 9, 12:40
இரண்டாவது குப்பி வந்த கையோடு காதர் மொய்தீனே பேசினார்.

"தங்கச்சி, கஞ்சி குடிச்சேன். இப்ப எந்திரிச்சு நடந்துக்கிட்டிருக்கேன், ஜன்னல் வரைக்கும். ஊருக்கும் பேசிட்டேன், வீட்ல ஒரே அழுகை. நீங்க நல்லா இருக்கணும்."

ரத்தத்தை வடித்துவிட்டேன். தாள் நுண்ணோக்கியில் இருக்கிறது.

ஏப்ரல் 9, 12:52
நீலம்.

துகள் இல்லை. செதில். நகத்துணுக்கு மாதிரி வளைந்த ஒரு செதில். சுவர் தேய்ந்தால் பொடிதான் வரும், செதில் வராது. பூச்சு ஒரே இடத்தில் பெயர்கிறது. பக்கத்தில் இன்னொன்று.

தாளில் பாதிதான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, 12:54
கீழே அனுப்பியது: "டாக்டர், அவர நடக்க விடாதீங்க. உடனே உக்கார வையுங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து ஏத்துங்க, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நான் இன்னும் எண்ணி முடிக்கல"

12:57
பதில் இல்லை.

12:58
ஐந்து. ஆறு.

13:01
டாக்டர், பேசுங்க