கவர் பிரிக்காத பெல்ட்

அன்பு மருமகன் ஜெஃப்ரிக்கு, கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மா ரோஸும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. ஆக்லாந்தில் உன் கைகால்கள் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றனவா என்று எழுது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லுகிறேன், உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்று இந்தக் கடிதத்தில் வருகிறது.

அதற்கு முன்னால் நீ அனுப்பிய வீடியோ. மரம் வெட்டும் கம்பெனி கொடுத்த கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிளைமேல் நின்று இரண்டு கையையும் விரித்து, ‘உடன்குடி பனையேறி பேரனுக்குக் கயிறு எதுக்கு மாமா’ என்று இளிக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. உன் தாத்தா ஏறியது பனையடா, பனைக்குக் கிளை கிடையாது, அடிமரத்தைக் கட்டிப்பிடித்தே ஏறி இறங்கலாம், நீ ஏறுவதோ கிளையும் கொப்புமாக எந்தப் பக்கம் முறியும் என்று தெரியாத மரம். இந்த வித்தியாசம் திரேஸ்புரத்து வெள்ளாட்டுக்குக்கூடத் தெரியும்.

கதைக்கு வருகிறேன். துறைமுகம் போகிற ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை கழிக்க டெரன்ஸ் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்தான், மீசை மட்டும் இரண்டு கிலோ தேறும். அவனிடம் பாதுகாப்பு பெல்ட் ஒன்றே ஒன்று, கவர்கூடப் பிரிக்காமல் லாரியில் கோயில் சொரூபம் மாதிரி வைத்திருந்தான். மேலே ஏற வந்தவன் பக்கத்துத் தெரு இன்பமணி, உன்னோடு எட்டாவது படித்தவன், அவனும் பனையேறி வம்சம். அவன் பெல்ட்டைக் கேட்டதும், ‘ஏலே, அழுக்காயிரும்லா, ஆபீசர் வந்தா போட்டோவுக்கு வேணும், பனையேறி மவனுக்கு பெல்ட்டு ஒரு கேடா’ என்றான் டெரன்ஸ். இன்பமணிக்கு ரோஷம் வந்துவிட்டது, ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி’ என்று ஏறிவிட்டான். மெஷின் வாள் போட்ட சத்தத்தில் மணப்பாடு வரைக்கும் திமிங்கிலங்கள் காதைப் பொத்திக்கொண்டன. நின்ற கிளை முறிந்தது, இன்பமணியும் கிளம்பினான், உப்பளம் தாண்டி, கப்பல்கள் தாண்டி, முத்துக் குளித்த கடல் பாறையெல்லாம் தாண்டி, கொழும்பில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து அதே ரோட்டோரத்தில் விழுந்தான். டெரன்ஸ் ஓடி வந்தான். தூக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. கவரைப் பல்லால் கிழித்து, கிடந்தவன் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, ‘லேசா இந்தப் பக்கம் திரும்புடே’ என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டான், அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். மீசை வைத்த நண்டு. நண்டுக்காவது முதுகெலும்பைக் கடவுளே கொடுக்கவில்லை.

அங்கே உன் முதலாளி கயிற்றைக் கட்டு கட்டு என்று கெஞ்சுகிறான், நீ கழற்றி எறிகிறாய். டெரன்ஸ் அயோக்கியன், நீ முட்டாள், விழுகிற தரைக்கு அந்தப் பேதமெல்லாம் தெரியாது. நாளைக்கே கயிறு கட்டி நிற்கிற வீடியோ அனுப்பு, உன் அம்மா சோற்றில் கை வைக்கட்டும். கர்த்தர் உன் காலை இடறவிடாமல் காப்பார், முடிச்சை மட்டும் நீ போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா தேவதாசன்

பி.கு.: திமிங்கிலம், கொழும்பு எல்லாம் நான் விட்ட கதை. இன்பமணி விழுந்தது பத்தடி உயரத்திலிருந்துதான், இடது தொடையில் பிளேட் வைத்துப் படுத்திருக்கிறான். பெல்ட் மாட்டிப் போட்டோ எடுத்தது மட்டும் என் கைச்சரக்கு இல்லை. எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன்.