இரங்கல் பேனரில் லோரி எழுத்து

புதன்கிழமை, இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் பேனர் கடையில் நீளமான பெயரும் ஒரே வரியில் அடங்கும் ஒடுக்கமான தமிழ் எழுத்துரு ஒன்றே ஒன்றுதான். அதுவும் வலப்பக்கம் சாய்ந்தது. சரக்கு லோரிக்கும் பந்து விளையாடும் ஜெர்சிக்கும் அழகாக இருக்கும். எழுதியது எல்லாம் ஓடுவது போலத் தெரியும். இன்று இரங்கல் பேனருக்கும் அதையே போடச் சொன்னார் முதலாளி.

நான் அவர் பேச்சைக் கேட்காமல் நேரான, அகலமான எழுத்தில் வைத்தேன். இறந்தவர் பெயர் நீளம். அவருடைய தந்தை பெயர் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. பேனர் வாங்க லிங்கி தோட்டத்திலிருந்து வந்த, இறந்தவரின் மகளுக்கு முகம் மாறியது.

"தாத்தா பேரக் கீழ தள்ளிட்டியேம்மா. அப்பாகூட ஒரே வரியில வரணும்லா."

"பட்டதாரி டிசைன்," என்று என் படிப்பைக் குத்திக்காட்டிச் சிரித்தார் முதலாளி.

எழுத்தைச் சிறிதாக்கினால் தூரத்திலிருந்து தெரியாது. வேறு வழியில்லை, சாய்ந்ததைப் போட்டேன். இரண்டு பெயரும் ஒரே வரியில் அடங்கின. அந்தச் சாய்வில், இறந்த பெரியவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல இருந்தது. மகள் அதையே பார்த்தார்.

"அப்பா இப்படித்தான். ஒரு இடத்துல நிக்கவே மாட்டாரு," என்று அழுதார்.

நேரான ஒடுக்க எழுத்து ஒன்று வாங்கலாம் என்று முதலாளியிடம் சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர், "பாத்தியா, இனிமே சாவு பேனர் எல்லாம் இதுலதான்லா," என்றார்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?