பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சொன்ன பொய்

என்றும் அன்புள்ள ஷைலஜா நங்கையாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு, என் அண்ணனுக்கு, மறுபடியும் பெண் பார்த்தோம். கோழிப்பண்ணைக்காரனுக்கு இங்கே யாரும் பெண் தருவதில்லை என்று உங்களைக் கூட்டி வந்தாரே, அதே தரகர்தான். அதே பாலக்காட்டுப் பக்கம்தான். ஆனால் இந்த முறை, மாப்பிள்ளைக்கு இது முதல் கல்யாணம் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியென்றால் நீங்கள் யார்? உங்கள் பாப்பா யார்?

அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தார். "உனக்குந்தான் புள்ள இல்லையே. உம்புள்ளைன்னு சொல்லிக்கலாம். கண்ணாலத்துக்கு அப்பறம் உங்கூடவே இருக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு பாப்பாவை முன்னால் நிறுத்தி, "ஏஞ் சாமி, அங்க வந்து அத்தைய அம்மான்னு கூப்படோணும். அப்பாவ மாமான்னு சொல்லோணும். செரியா?" என்றார். ஆறு வயசுப் பிள்ளை தலையாட்டியது. நானும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், எம்.ஏ. படிக்கும்போது, பண்ணையில் நீங்கள் முட்டை பொறுக்க, நான் கூண்டு வரிசையோடு நடந்துகொண்டே கிரேக்க நாடகங்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், ஞாபகம் இருக்கிறதா? கடல் தாண்டிக் கூட்டி வந்த மனைவியைக் கணவனே கைவிடும் கதை. தோற்றுப்போன ஊரின் பெண்களை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் கதை. அந்தப் பெண் வேஷங்களையும் ஆண்களேதான் போட்டார்கள் என்றேன். "அழறதுக்குக்கூட நம்மள உடலையா?" என்று கேட்டீர்கள்.

கைவிடப்பட்டவளைப் பற்றி நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ திரும்ப ஊருக்குப் போக முடியாதா?" முடியாது, பிறந்த வீட்டைப் பகைத்துக்கொண்டு வந்தவள் என்றேன். "அப்ப அந்த ஊர்ப் பொம்பளைங்க?" அவர்கள் கூட்டமாக நின்று பரிதாபப்படுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், அவள் கேட்டுக்கொண்டபடி ரகசியத்தைக் காப்பாற்றுவார்கள் என்றேன். நீங்கள் முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் கடைசியில் தன் பிள்ளைகளையே கொன்றாள் என்பதை நானும் சொல்லவில்லை. அப்போது பாப்பா உங்கள் வயிற்றில் இருந்தாள்.

அந்த நாடகங்களில் சாவு மேடையில் நடக்காது. உள்ளே நடந்து முடிந்ததை ஒருவர் ஓடி வந்து சொல்வார். உங்களுடையது எங்கள் கண் முன்னால் நடந்தது, நங்கையா. நான்கு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தீர்கள். "நடிக்கறா. ஊருக்குப் போக சாக்கு" என்றார் அம்மா. திருத்த வேண்டிய தேர்வுத்தாள் கட்டோடு நானும் அப்போது அம்மா வீட்டுக்குத்தான் வந்திருந்தேன். கதவருகில் நின்று, "சாயங்காலம் வரைக்கும் பாக்கலாங்க" என்று சொன்னேன். குடல்வால் வெடித்துவிட்டது, முன்னாலேயே கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போதும் முடியாது.

பெண் வீட்டில் பலகாரம் வந்தது. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாப்பாவின் முடியை ஒதுக்கிவிட்டாள். "உங்க மகளா சேச்சி?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். "ஆமா" என்றேன்.

திரும்பி வரும்போது காரில் பாப்பா என் காதருகே வந்து, "அத்தை, அப்பாவ எப்ப மறுபடியும் அப்பான்னு கூப்படலாம்?" என்று கேட்டாள்.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கதவருகில் நின்றதையும் சேர்த்து. "அவங்க பேர் என்ன சேச்சி?" என்றாள். சொன்னேன். "அது உங்க மகள் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு. உங்களை அம்மான்னு கூப்பிடறதுக்கு முன்னாடி, சரிதானான்னு உங்க அம்மா முகத்தைப் பாத்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாளே கல்யாணப் பேச்சு நின்றது. என் பெயரை அவள் சொல்லவில்லை. அம்மா கூப்பிட்டு அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "நீதான அங்க எதையோ ஒளறுனே? சத்தியம் பண்ணு!" என்று அண்ணன் அவள் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பிள்ளை அழக்கூட இல்லை.

"அவள உடுங்கண்ணா. நாந்தான் சொன்னேன்."

அண்ணன் கையை எடுத்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பாப்பாவின் பையை எடுத்து வந்து வாசலில் வீசினார். "எம்புள்ளைன்னு நாலு பேரு முன்னால சொன்னவ நீதான? நீயே வெச்சுக்க. இணைச்சீருக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி இருக்கறா. இனி இந்த ஊட்டுப் படி ஏறாத." கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யும் உரிமை உடன்பிறந்தவளுக்கு. அது எனக்குப் போயிற்று. போகட்டும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "கூட்டிட்டு வா, பாத்துக்கலாம்" என்றார்.

ஆனால் பயம் இருக்கிறது. பிள்ளையைத் திரும்பக் கேட்டு வந்தால் என்ன செய்வேன்? சட்டப்படி அவர் அப்பா. கதவு தட்டும் சத்தம் கேட்டால் பாப்பா சமையலறைக்குள் ஓடிவிடுகிறாள். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

நேற்று அவளை இங்கே நாமக்கல்லில் பள்ளியில் சேர்க்கப் போனேன். "அம்மா நீங்கதானுங்களா?" என்று அங்கிருந்தவர் கேட்டார். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். "இல்லைங்க. அவங்க அம்மா பேரு ஷைலஜா. நான் அத்தை" என்றேன். வெளியே வந்ததும், "அப்ப உங்கள அத்தைன்னே கூப்படலாமா?" என்றாள். "அத்தைன்னே கூப்படு சாமி" என்றேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் காரணமே இல்லாமல் அத்தை, அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

தரகர் அடுத்த ஊர் தேடுகிறாராம். அது எந்த ஊராக இருந்தாலும் அந்தப் பெண்ணிடமும் போய்ச் சொல்வேன். இனி கதவருகில் நிற்க மாட்டேன். அம்மா என்று பாப்பா கூப்பிடுவது உங்களை மட்டும்தான், நங்கையா. அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அத்தை